பயந்தவன் வேஷம்

தனியாக நின்று பாட எனக்கு வராது. பாட்டு வரும், தனியாக நிற்பதுதான் வராது. தருமபுரி மிஷன் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், ஒரு அறுப்புப் பண்டிகையன்று என்னை ஆலயத்தின் முன்னால் நிறுத்திப் பாடச் சொன்னார்கள். பூசணிக்காய்களும் கேழ்வரகுக் கதிர்களும் கால் கட்டிய சேவல்களும் காணிக்கையாகக் குவிந்து கிடந்தன. ஆர்மோனியம் சுருதி கொடுத்தது. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டேன். மூடினால் எல்லாரும் போய்விடுவார்கள் என்று நினைத்தேனோ என்னவோ. திறந்தபோது அத்தனை பேரும் அங்கேயே இருந்தார்கள். காணிக்கைச் சேவல் ஒன்று கூவியது. ஆலயமே சிரித்தது.

அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் தனியாகப் பாடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆனால் கூட்டத்தில் ஒருவனாக நின்றால் என் குரல் தானாக எழும்பும். இடது பக்கம் ஒருவன், வலது பக்கம் ஒருவன், இருவர் மூச்சும் என் தோளில் பட வேண்டும். அப்போது எதுவும் பயமில்லை. மிஷன் வெள்ளைக்காரத் துரைசானி எங்களுக்கு ஒரே பாட்டை நான்கு குரலாகப் பிரித்துச் சேர்ந்து பாடச் சொல்லிக் கொடுத்தார். அவர் நாட்டு ராகங்களில் தமிழ்ச் சொற்கள் ஒடிந்து விழுந்தன. குறில் இழுபடும், நெடில் நறுக்கப்படும். அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பல் கூசும். வயது வந்ததும் நானே பாட்டுக் கட்டத் தொடங்கினேன். ராகிக் கொல்லையில் களை எடுக்கிற பெண்கள் ஒரு வரியை ஒருத்தி முடிக்கும் முன்பே அடுத்தவள் எடுத்துக்கொள்வார்கள் இல்லையா, அந்த மாதிரி ஒரு குரலின் வாலை இன்னொரு குரல் பிடித்துக்கொண்டு போகும்படி அமைத்தேன். என் பாட்டில் யாரும், ஒரு மூச்சு நேரம்கூட, தனியாக நிற்க வேண்டியதில்லை. அதைக் கலை என்று ஊரில் சொன்னார்கள். பயத்தில் செய்த ஏற்பாடு என்று எனக்குத்தான் தெரியும்.

அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானேன். பாடகர் குழுவும் என் பொறுப்புக்கு வந்தது. குழுவில் பெண்களுக்குள் அடிக்குரல் பாடிக்கொண்டிருந்த ஒரு வாத்தியாரம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். அதியமான்கோட்டைப் பக்கம் பயிர் வைத்துப் பிழைக்கிற குடும்பம் அவளுடையது. பள்ளிக்கூடக் கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியைக் கயிறு பிடித்து இறங்கித் தூக்கி வந்தவள் அவள். நான் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது.

முப்பதுகளின் கடைசியில் சேலத்தில் படம் பிடிக்கும் கம்பெனிகள் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தன. சேலத்தில் நடந்த ஒரு சபைக் கூட்டத்தில் எங்கள் குழு பாடியதை யாரோ கேட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் டைரக்டர் ஒருவர் காரில் தருமபுரிக்கே வந்து இறங்கினார். போதகர் வீட்டு முன்னறையில் பேச்சு நடந்தது.

"சினிமாவா?" என்றார் போதகர். "சபையார் காதுக்குப் போனா என்னைக் கேப்பாங்க. புராணப் படத்துல நம்ம பிள்ளைங்க போய் நிக்கறதாவது?"

"சாமி பாட்டு இல்லீங்க ஐயா" என்றார் டைரக்டர். "கதையில ராஜா செத்துப் போறாரு. ஊரே கூடி அழுவுது. எங்கிட்ட இருக்கிற பாட்டுக்காரங்க எல்லாரும் ஒரே மெட்டத்தான் ஒண்ணாப் பாடறாங்க. எனக்கு ஊர் அழுவுற மாதிரி வேணும். ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுக்குப் பரவணும்."

போதகர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில், சபையின் பெயர் எங்கேயும் வரக் கூடாது என்ற பேச்சோடு அனுப்பி வைத்தார்.

தொப்பூர்க் கணவாயில் பஸ் இறங்கும்போது எனக்கு எப்போதும் உள்ளங்கை வேர்க்கும். அன்று பாடகர் குழு மொத்தமும் பஸ்ஸில் பாடிக்கொண்டே வந்தது. என் மனைவி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சேலம் போய்ச் சேர்ந்ததும் எங்களைப் பெரிய தகரக் கொட்டகைக்குள் விட்டார்கள். கதவை இழுத்துச் சாத்தினார்கள். விளக்குகள் எரிந்ததும் அடுப்புக்குள் நிற்பது மாதிரி ஆயிற்று. அந்த நாளில் படம் பிடிக்கும்போதே பாட்டையும் பதிந்துவிடுவார்கள். தலைக்கு மேலே ஒரு கழியில் மைக் தொங்கியது. மணி அடித்ததும் யாரும் தும்மக்கூடக் கூடாது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நொடியில், ஆலயத்தில் வாயைத் திறந்து நின்ற அந்தப் பழைய நாள் என்மேல் வந்து விழுந்தது. பாட்டு தொடங்கிய பிறகு சரியாகிவிட்டேன். தொடங்கும் முன் என் முகம் எப்படி இருந்ததோ, கேமராக்காரர் டைரக்டரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார்.

பாட்டு நன்றாக வந்தது. வயலின்களும் கிளாரினெட்டும் கீழே ஓட, என் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்தபோது எனக்கே சிலிர்த்தது. தருமபுரியில் ஒரு ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு நான் மனத்துக்குள் மட்டும் கேட்டிருந்த சத்தம் அது.

முடிந்ததும் டைரக்டர் என்னிடம் வந்தார்.

"வாத்தியாரே, ராஜா பொணத்த மொதல்ல பாக்குற காவக்காரன் வேஷம் ஒண்ணு இருக்கு. வசனம் கிடையாது. சும்மா வந்து பார்த்துட்டுப் பயப்படணும்."

"எனக்கு நடிக்கத் தெரியாதுங்க."

"நடிக்க வேணாம். மணி அடிச்சப்ப நின்னீங்க பாருங்க, அப்படி நின்னாப் போதும். ஆனா ஒண்ணு, கண்ண மூடக் கூடாது. பயம் கண்ணுலதான் இருக்கு. மூடிட்டா எனக்கு ஒண்ணும் கிடைக்காது."

அதுதான் கஷ்டமாக இருந்தது. பயம் வந்தால் என் இமை தானாக இறங்கிவிடும். எத்தனையோ தடவை எடுத்தும் சரியாக வராமல், கடைசியில் டைரக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். கேமரா ஓடத் தொடங்கும் முன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "இந்த ஷாட்டு முடிஞ்சதும் நீங்க இந்தக் கூட்டத்துக்கு முன்னால தனியா ஒரு பாட்டுப் பாடணும்." என் மனைவி அவரிடம் என் கதையைச் சொல்லியிருக்கிறாள். கண்ணைத் திறந்தபடியே நான் நடுங்கினேன். ஷாட்டு முடிந்தது. பாட யாரும் சொல்லவில்லை.

இப்படித்தான் நான் நடிகனானேன். அடுத்த சில வருஷங்களில் கொள்ளைக்காரர்களிடம் அகப்பட்ட வியாபாரியாக, பூதத்தைக் கண்ட சமையல்காரனாக, சிறைக் காவலனாக, பயந்தவன் வேஷம் எல்லாம் எனக்கே வந்தது. ஒவ்வொரு படத்திலும் என் குழுவுக்கு ஒரு கூட்டுப்பாட்டும் உண்டு. அந்தப் பாட்டுக்காகத்தான் நான் போனேன். அந்த வயலின்களை விட்டுவிட முடியவில்லை.

முதல் படம் தருமபுரி டூரிங் கொட்டாய்க்கு வந்தபோது நானும் மனைவியும் போனோம். பெண்கள் பக்கம் அவள், ஆண்கள் பக்கம் மணலில் நான். திரையில் என் முகம் ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு வந்து நின்றது. கண்கள் பிதுங்கின. கன்னம் துடித்தது. அது பொய்யில்லை, எனக்குத் தெரியும். கொட்டாய் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் என் தொடையிலேயே தட்டிச் சிரித்தார். யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள், "நான் சிரிக்கலங்க."

"ஊரே சிரிச்சுதே."

"ஊருக்கு நீங்க நடிக்கறீங்கன்னு நெனப்பு."

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைப் போலக் கண்ணைப் பிதுக்கிக் காட்டினார்கள். சபை மூப்பர்களில் ஒருவர் போதகரிடம் புகார் சொன்னார். ஆலயத்தில் கையை ஆட்டிப் பாட்டு நடத்துகிறவன் கொட்டாயில் கோமாளி வேஷம் போடலாமா என்று கேட்டார். போதகர் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் வேலை போய்விட்டது என்றே நினைத்துப் போவேன். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார். ஒரு தடவை மட்டும், "கொஞ்சம் பார்த்து நடந்துக்குங்க வாத்தியாரே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை மடியில் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தூங்காமல் கிடந்தேன்.

உலகச் சண்டை வந்தது. பட்டணத்தில் குண்டு விழும் என்று சொல்லிக் குடும்பம் குடும்பமாக எங்கள் பக்கம் வந்து வாடகைக்கு வீடு தேடினார்கள். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. பிலிம் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. எடுத்ததை வீணாக்கக் கூடாது, ஒரு தடவையிலேயே முடிக்க வேண்டும் என்று கம்பெனியில் எல்லாரும் கத்திக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒகேனக்கல்லில் படம் பிடிக்கப் போனோம்.

காட்சி இதுதான். ஊர் ஜனங்கள் ஆற்றங்கரையில் பாடுகிறார்கள். கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து ஒரு வியாபாரி பரிசலில் ஏறி ஆற்றைக் கடக்கிறான். பாடுகிற ஜனங்கள் என் குழு. வியாபாரி நான்.

பென்னாகரத்திலிருந்து காட்டு வழி. கரி பஸ் மேட்டில் ஏற முடியாமல் நின்று நின்று போனது. நிற்கிற இடத்தில் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளும்போதெல்லாம் மூங்கில் புதரில் ஏதாவது முறிகிற சத்தம் கேட்கும். யானையாக இருக்கும் என்று டிரைவர் சாவகாசமாகச் சொன்னார். ஆற்றை அடைவதற்கு வெகு தூரம் முன்பே அதன் சத்தம் வந்துவிட்டது. ஆடி மாதம். மைசூர்ப் பக்கம் நல்ல மழை. தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்தது.

ஆறு பல கிளையாகப் பிரிந்து பாறைகளுக்கு நடுவே ஓடும் இடம் அது. அதற்குக் கொஞ்சம் கீழேதான் அருவி விழுகிறது. பரிசல்காரர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். என்னைவிடச் சின்னவர், சிரித்த முகம். தலையில் சிவப்புத் தலைப்பாகை கட்டிவிட்டிருந்தார்கள். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சாமி, நான் படத்துல தெரிவேங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரிவீங்க. எனக்குப் பின்னாலதானே நிக்கறீங்க."

"எங்க வூட்டுல நம்ப மாட்டேங்குது. பென்னாகரம் கொட்டாய்க்கு வந்தா இட்டுட்டுப் போய்க் காட்டணும்."

"தண்ணி ஜாஸ்தியா இருக்குதே?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இருக்குதுங்க. கரை ஓரமாவே போயிட்டு வந்துரலாம். ஒரே சுத்து."

டைரக்டரும் தண்ணீரைப் பார்த்தார், கேமராக்காரரும் பார்த்தார். இன்றைக்கு விட்டால் நாளைக்கு இன்னும் ஏறும் என்று யாரோ சொன்னார்கள். அதுவும் உண்மைதான். பாட்டை முன்பே சேலத்தில் பதிந்திருந்தார்கள்; இங்கே வாயசைத்தால் போதும் என்பதால் பாட்டுக் காட்சி முதலில் முடிந்தது. குழுவினர் பாறைகளில் உட்கார்ந்து ஈரப் புடவையையும் வேட்டியையும் பிழிந்துகொண்டு வேடிக்கை பார்க்கத் தயாரானார்கள். நான் பரிசலில் உட்கார்ந்தேன். மூங்கில் பின்னி எருமைத் தோல் போர்த்திய கூடை. அடியில் தண்ணீர் ஓடுவது தோல் வழியாக முழங்காலில் தெரிந்தது.

"வாத்தியாரே, கண்ணு!" என்று டைரக்டர் கரையிலிருந்து கத்தினார்.

பரிசல் கரை ஓரமாகப் போனது. நான் கரையைப் பார்த்து, வாயைப் பிளந்து, கைகளை ஆட்டினேன். பாறைகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் குழுப் பிள்ளைகளே சிரித்தார்கள். பிறகு பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. சுற்றி முடித்தபோது கரை முன்னைவிடத் தூரத்தில் இருந்தது. பரிசல்காரர் துடுப்பை வேகமாகப் போட்டார். இன்னொரு சுற்று. அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. அப்போதுதான் தெரிந்தது, இது காட்சி இல்லை என்று.

கரையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டர் கைதட்டி, "பேஷ், பேஷ்! அப்படியே!" என்று கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு அருவியின் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. கையை நீட்டினேன், கூப்பிட்டேன். அதையே நான் எத்தனையோ படத்தில் செய்திருக்கிறேன். கரையில் சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. காப்பாற்றச் சொல்லி ஒரு மனிதன் செய்யக்கூடிய எல்லாவற்றையும் நான் ஏற்கனவே வேடிக்கையாக்கி வைத்திருந்தேன். அந்த நினைப்புதான் தண்ணீரைவிடக் குளிர்ந்து உள்ளே இறங்கியது. எனக்கென்று வைத்துக்கொள்ள வேறு சைகை எதுவும் மிச்சமில்லை.

கண்களை மூடிக்கொண்டேன்.

"கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்றார் பரிசல்காரர். அவ்வளவுதான் அவர் சொன்னது.

கரையில் என் மனைவி எழுந்து நின்றிருக்கிறாள். "அவரு கண்ண மூடிட்டாரு" என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. "படத்துல அவரு கண்ண மூட மாட்டாரு! ஏய், கயிறு எடுங்க, கயிறு!" என்று கத்திக்கொண்டே பாறைமேல் பாறையாகத் தாவி ஓடியிருக்கிறாள். கூடாரம் கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டு குழுவின் ஆண்கள் அவள் பின்னால் ஓடினார்கள்.

பரிசல் ஒரு பாறையில் மோதியது. நான் அந்தப் பாறையின்மேல் கிடந்தேன். பரிசல்காரர் என் தோளைப் பிடித்துத் தள்ளினாரா, மோதிய வேகத்தில் நானே விழுந்தேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தோளில் ஒரு கை பட்டது மட்டும் நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது பரிசல் குடை மாதிரி கவிழ்ந்து போய்க்கொண்டிருந்தது. அவரைக் காணோம். சிவப்புத் தலைப்பாகை அவிழ்ந்து நீளமாக, தண்ணீரோடு வளைந்து வளைந்து போயிற்று.

கயிறு என் மேல் வந்து விழுந்தது. எப்படிக் கட்டிக்கொண்டேன் என்று தெரியாது. கரைக்கு இழுத்துப் போட்டதும் மனைவி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பாருங்க, என்னப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டைரக்டர் கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்திருந்தார்.

பரிசல்காரரின் உடல் பிறகு ஆற்றில் கீழே வெகுதூரத்தில் கிடைத்தது. பென்னாகரத்திலிருந்து போலீஸ் வந்து எல்லாரையும் விசாரித்து எழுதிக்கொண்டு போனார்கள். ஆற்றின்மேல் யார் வழக்குப் போடுவது? விபத்து என்று முடிந்தது. கம்பெனியிலிருந்து ஆள் போய் அவர் குடும்பத்தைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள்.

எனக்குக் காட்டுக் காய்ச்சல் வந்தது. மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னா மாத்திரை காதில் இரைந்தது. அது மாத்திரையின் இரைச்சலா, ஆற்றின் இரைச்சலா என்று தெரியாமல் கிடந்தேன். காய்ச்சல் விட்ட பிறகும் வாசலில் யாராவது நின்றால் உள்ளே போய்விடுவேன். பரிசல்காரரின் மனைவி வருவாள் என்று ஒரு பயம். வந்து என்ன கேட்பாள்? நீ எப்படிப் பிழைத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இப்போது கண்ணைப் பிதுக்கிக் காட்டுவதில்லை. அதுவும் பயமாக இருந்தது. குழு ஒத்திகையை மனைவியே நடத்தினாள். நான் பின்வரிசையில் போய் நின்றுகொண்டேன்.

அந்தப் படம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். பரிசல் காட்சியை வெட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். சேலத்தில் பார்த்துவிட்டு வந்த ஒருவர், "அந்தப் பரிசல் சீனு, அடேயப்பா, சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு" என்று என்னிடமே சொன்னார். நான் அன்று வகுப்புக்குப் போகவில்லை.

பரிசல்காரரின் மனைவி வந்தாள். ஒரு சனிக்கிழமை காலையில், கூட ஒரு கொழுந்தனாரை அழைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நடுத்தரமான உயரம், ஒல்லி, வெறும் கழுத்து. மனைவிதான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பிறகு அது வெட்கமாக இருந்தது, வெளியே வந்தேன்.

"வாத்தியாருங்களே" என்றாள். "பென்னாகரம் கொட்டாய்ல அந்தப் படம் வந்துருக்குதுங்களாம்."

"ஆமாம்மா" என்றாள் என் மனைவி.

"அதுல எங்க வூட்டுக்காரரு இருக்காருங்களா?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"இருப்பாருன்னு சொல்றாங்க" என்றேன்.

"அவுருக்குப் போட்டோ ஒண்ணும் கெடையாதுங்க. எடுக்கவே இல்ல. சின்னவ கைக்கொழந்தையா இருந்தா. அவளுக்கு அப்பன் மூஞ்சியே தெரியாது. நான் தனியாக் கொட்டாய்க்குப் போனதில்ல. எந்த எடத்துல வருவாருன்னும் தெரியாது. நீங்க வந்து காட்டுனாத் தேவலைங்க."

நான் பயந்த எந்தக் கேள்வியும் அதில் இல்லை. ஆனால் அவள் கேட்டது அவை எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அந்தக் கொட்டாயில், அந்தச் சிரிப்புக்கு நடுவில், அவளோடு.

"சிரிப்பாங்கம்மா" என்றேன். "என்னப் பார்த்து எல்லாரும் சிரிப்பாங்க. உனக்குக் கஷ்டமா இருக்கும்."

"உங்களப் பார்த்துத்தானுங்க சிரிப்பாங்க?" என்றாள். "அவரப் பார்த்து இல்லியே."

முதல் ஆட்டத்துக்குப் போனோம். என் மனைவியும் அவளும் பெண்கள் பக்கம். அவள் மடியில் சின்னவள். நானும் கொழுந்தனாரும் ஆண்கள் பக்கம். ரீல் மாற்ற நிறுத்தும்போதெல்லாம் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. கொழுந்தனார் வேர்க்கடலை உரித்து என் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பாட்டுக் காட்சி வந்தது. என் பாட்டு. ஒரு குரல் எடுக்க இன்னொரு குரல் பிடிக்க, கரை முழுக்கப் பரவியது. நன்றாகத்தான் இருந்தது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட என்னால் முடியவில்லை.

பிறகு பரிசல் வந்தது. என் முகம் வந்தது. கொட்டாய் சிரித்தது. நான் திரையைப் பார்க்காமல் தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் இருந்த இருட்டைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சிரிப்புக்கு நடுவே பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் உரக்க வந்தது: "தோ, பாரு! துடுப்புப் போடறாரு பாரு! அதான் உங்கப்பன்!" அந்தக் குரலில் அழுகை இல்லை. பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிலர் நிறுத்தினார்கள். கொழுந்தனார் கடலையைக் கீழே வைத்துவிட்டார். காட்சி முடிந்து கொள்ளைக்காரர்கள் குதிரையில் வந்துகொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் அவள் என்னிடம் கேட்டது இதுதான்: "நாளைக்கும் இதே படந்தானுங்களே?"

"இன்னும் ரெண்டு மூணு நாள் இருக்கும்."

"அப்புறம்?"

"படப் பொட்டி வேற ஊருக்குப் போயிரும்."

அவள் மூன்று நாளும் போனாள். என் மனைவி கூடப் போனாள். பெட்டி ஏரியூர்ப் பக்கம் போனதும் அங்கேயும் போனாளாம். எனக்கு மறுபடி போக முடியவில்லை. ஒரு சமயம் கேட்டாள் என்று மனைவி வந்து சொன்னாள்: "அவரு கடைசியா வாத்தியாருகிட்ட என்ன சொன்னாரு?" கெட்டியாப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். "அவுரு எல்லாருகிட்டயும் அதான் சொல்லுவாரு" என்றாளாம்.

டைரக்டருக்கு ஆள் அனுப்பி, அந்தக் காட்சியிலிருந்து ஒரு துண்டு பிலிம் வேண்டும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மழைக்காலம் கழிந்து ஒரு நாள் அவரே காரில் வந்தார். இளைத்திருந்தார். ஒரு சிகரெட் டப்பாவை என் கையில் கொடுத்தார்.

"நானே வெட்டினேன்" என்றார். "யாருகிட்டயும் சொல்லாதீங்க. பொட்டி திரும்பி வந்தப்ப எடுத்தேன்." பிறகு, "வாத்தியாரே, அடுத்த படத்துல..." என்று ஆரம்பித்தார்.

"பாட்டு வேணும்னாக் கட்டித் தர்றேங்க" என்றேன். "வேஷம் வேணாம்."

அவர் கார்க் கதவைத் திறந்தார். "நானும் இப்பல்லாம் தண்ணி சீனு எடுக்கறதில்ல" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அதற்குப் பிறகும் அவருடைய சில படங்களுக்குப் பாட்டுக் கட்டிக் கொடுத்தேன். குழுவை மனைவி அழைத்துப் போவாள். சண்டை முடிந்த பிறகு, ஒவ்வொரு பாட்டுக்காரரும் தனித்தனியாக மைக் முன்னால் பாடுகிற காலம் வந்தது. கூட்டுப்பாட்டு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அது எனக்கு நல்லதாகவே போயிற்று.

பரிசல்காரர் மனைவிக்குச் சொல்லி அனுப்பினோம். சந்தை நாளில் வந்தாள், சின்னவளோடு. பள்ளிக்கூட மைதானத்தில் வெயில் நன்றாக இருந்தது. பிலிம் துண்டை அவள் கையில் கொடுத்து, ஓரத்தைப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்க்கச் சொன்னேன். கட்டம் கட்டமாக, நகத்தளவில், பரிசலும் தண்ணீரும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கண்ணை நகர்த்திக்கொண்டே போனாள்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்களே" என்றாள் முதலில். பிறகு, "இல்ல. கை நகருது. இதுல மேல இருக்குது, இதுல கீழ வருது" என்றாள். சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவளுக்கும் காட்டினாள். குழந்தை பிலிமைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது.

"என் மூஞ்சியும் அதுல இருக்குதும்மா" என்றேன். "வேணாம்னாக் கத்திரியால வெட்டிடலாம்."

அவள் மறுபடி தூக்கிப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"இருந்துட்டுப் போவுதுங்க" என்றாள். "நீங்களும் பாவம், எம்மாம் பயந்து போயிருக்கீங்க."

அதுவரைக்கும் அந்த முகத்தைப் பார்த்து யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அவள் டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு, சந்தையில் நல்ல மிளகாய் எந்தப் பக்கம் கிடைக்கும் என்று என் மனைவியிடம் கேட்டாள். இருவரும் பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனார்கள். குழந்தை தோளுக்கு மேலாக என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.